சாகிற எலி, சாகாத எலி

உங்கள் காபி சகிக்கவில்லை மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், போலீஸ் ஸ்டேஷனில் நல்ல காபி கிடைத்தால் ஆட்கள் வெளியே போக மாட்டார்கள். எங்கள் சாவோ மாகாணத்து ஆள் வாயைத் திறந்தால் பொறுப்பு கேட்பவர் தலையில் என்று பின்லாந்து முழுக்கச் சொல்வார்கள். ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

ஒஸ்மோ ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறான், பிழைப்பது சந்தேகம் என்கிறீர்கள். என்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. எனக்கும் கவலைதான். முப்பது வருடமாக ஒரே ஆய்வகத்தில் எதிரெதிர் மேஜை. ஆனால் அவனைப் பற்றிப் பேச வேண்டுமானால் எலியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களிடம் இரண்டு வகை எலிகள் இருந்தன. ஒரு வகைக்கு டயாக்சின் விஷத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு கொடுத்தாலே போதும், தீனியை வெறுத்து மெலிந்து செத்துப்போகும். இன்னொரு வகை அதைப்போல ஆயிரம் மடங்கு தின்றுவிட்டு மீசையைத் தடவிக்கொண்டிருக்கும். விஷம் ஒன்றுதான். வித்தியாசம் உடம்புக்குள் இருக்கும் ஒரு காவல்காரனிடம். ஏரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்று அவனுக்கு வாயில் நுழையாத பெயர். ஒவ்வொரு செல்லின் முற்றத்திலும் சும்மா உட்கார்ந்திருப்பான். கருகிய இறைச்சியிலிருந்தோ முட்டைக்கோஸிலிருந்தோ ஏதாவது உள்ளே வந்தால் அதைக் கையோடு பிடித்துக்கொண்டு, மரபணுக்கள் இருக்கும் உள்ளறைக்குப் போய் மணியடிப்பான். ஆட்கள் வந்து குப்பையை எரித்துவிடுவார்கள், மணி ஓய்ந்துவிடும். டயாக்சின் லேசில் எரியாது. அதனால் மணியும் ஓயாது. அந்தக் களேபரத்தில்தான் உடம்பு நாசமாகிறது. காவல்காரனே இல்லாத எலிகளை வளர்த்தும் பார்த்துவிட்டார்கள், இந்த விஷம் அவற்றை அசைக்கவில்லை. ஆகக் கெடுதல் செய்வது அவரவர் காவல்காரன்தான். இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, மனிதன் எந்த எலி? சாகாத எலி என்பான் ஒஸ்மோ. சாகிற எலி என்பேன் நான். எங்கள் கடல் மீனில் டயாக்சின் இருக்கிறது என்று ஐரோப்பா முகம் சுளித்தபோது, அவன் டிவிக்காரர்கள் முன்னால் ஒரு தட்டு வறுத்த மீனைத் தின்று ஏப்பம் விட்டுக் காட்டினான். ஊரே கைதட்டியது. நான் கட்டுரை எழுதினேன். நாலு பேர் படித்தார்கள், அதில் ஒருவன் ஒஸ்மோ.

வியாழக்கிழமைதோறும் ஆய்வகத்து ஆண்கள் எல்லாரும் சவுனா அறை நீராவியில் வியர்க்க உட்காருவோம். அம்மணமாக உட்கார்ந்துவிட்டால் டைரக்டரும் எலிக்கூண்டு கழுவுகிறவரும் ஒன்றுதான். அங்கேதான் ஒஸ்மோவுக்கு வாய் நீளும்.

"இல்போ, உன் எலி மட்டும் ஏன்டா பொட்டு பொட்டுனு போகுது? விஷத்தாலயா, இல்ல தெனம் உன் மூஞ்சியப் பாக்குறதாலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு இதெல்லாம் மனதில் நிற்பதில்லை. மேல்படியில் அவன், கீழ்ப்படியில் நான், புதிதாகச் சேர்ந்தவன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் வாளியைக் கவிழ்த்தான், டைரக்டர் தொடையில் தட்டிக்கொண்டார். அவ்வளவுதான் ஞாபகம்.

கேள்வி பெரியது மேடம். யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். யாரிடம் பார்ப்பது? சாகாத எலி என்று சொன்னவனிடமே பார்ப்பதுதான் நியாயம்.

ஒஸ்மோ பெண்டாட்டி போனவன், அடுப்பு பற்றவைக்கத் தெரியாது, எங்கள் ஊர் மீன்ரொட்டி என்றால் உயிர். ரை தானிய மாவுக்குள் ஏரிமீனையும் பன்றிக்கொழுப்பையும் வைத்து மூடி, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைப்பது. டயாக்சின் கொழுப்பில் கரையும். அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அது பயப்படாது. வாராவாரம் சுட்டு எடுத்துப் போனேன். எப்பேர்ப்பட்ட சிநேகிதன் என்று எல்லாரும் என்னை மெச்சினார்கள்.

"அவ இருந்தப்பகூட நான் இப்படித் தின்னதில்லடா," என்றான் ஒஸ்மோ, மோவாயில் கொழுப்பு வழிய.

அவன் காதுக்குப் பின்னால் கரும்புள்ளிகளைச் சவுனாவில் முதலில் பார்த்தவன் நான். பிறகு கன்னம், பிறகு முதுகு.

"பாருங்கடா, இந்த வயசுல எனக்குப் பரு வந்திருக்கு. இனி பொண்ணு பாக்க வேண்டியதுதான்."

கொஞ்ச நாளில் சவுனாவுக்கு வருவதையே நிறுத்தினான். எங்கள் பக்கத்தில் ஒருவன் அதை நிறுத்தினால் பாதிரியாருக்குச் சொல்லியனுப்பலாம். பசியும் போய்விட்டது.

"எறங்க மாட்டேங்குதுடா. ஆனா நீ இவ்ளோ மெனக்கெட்டு செஞ்சிருக்கியே," என்று கஷ்டப்பட்டு விழுங்குவான். நல்ல மனுஷன். இன்னொரு துண்டு வெட்டிக் கொடுப்பேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முகம் முகமாக இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவு அவன் மடியில் கிடந்தது. இந்த வேலையிலேயே கிழவனானவன், யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் கையிலிருந்த ரொட்டிப் பையைப் பார்த்தான், பிறகு என்னை.

"நீதானா?"

தலையாட்டினேன்.

நர்ஸைக் கூப்பிட்டு ஒரு பேனா கேட்டான்.

"சரி, நீ ஜெயிச்சுட்ட. நான் சாகிற எலிதான். எவ்ளோடா போட்ட? மொதல்ல என் ரத்தம் எடுத்து வச்சியா? சொல்லித் தொலை, எழுதிக்கிறேன். இதாவது வீணாப் போகாம இருக்கட்டும்."

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள், அளவு எவ்வளவு என்று. எலிக்குக்கூட எடை போடாமல் ஒரு துளி கொடுத்ததில்லை இந்தக் கை. அளவுதான் விஷம் என்று மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறவன் நான். ஒஸ்மோவுக்கு உப்புப் போடுவதுபோலப் போட்டேன். ரத்தமும் எடுக்கவில்லை, ஒரு வரி குறித்துவைக்கவும் இல்லை. அந்த நினைப்பே வரவில்லை மேடம்.

"அளக்கவே இல்லையாடா?" என்றான். பேனா போர்வைமேல் விழுந்தது.

அப்போது அவன் சிரிக்கவில்லை. முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒஸ்மோ என்னைப் பார்த்தான், சிரிக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.