கல் இல்லாதவள்

மணி பன்னிரண்டு. ராத்திரி பன்னிரண்டு இல்லை, பகல் பன்னிரண்டு. அகரத்தைத் தாண்டிக் குடகனாற்றுக் கரையோரம் போகிற வண்டிப்பாதை. சித்திரை மாசம். இரண்டு பக்கமும் பனை. பனைக்கு நிழல் ஏது? காக்காய்கூடக் கத்தவில்லை...

ஜெய்தூன் பீவி, சிரிக்காதே. பகலில் என்ன பேய் என்றுதானே சிரிக்கிறாய்? ராத்திரி நிற்பது இருட்டில் நிற்கும், பார்க்காமல் தப்பித்துவிடலாம். உச்சிப் பொழுதில் நிற்பது முழுசாகத் தெரியும். எவளுக்காவது வெளியே போக வேண்டுமென்றால் இப்போதே அரிக்கேனை எடுத்துக்கொண்டு போய்விட்டு வாருங்கள். நடுவில் எழுந்தால் நான் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவேன். அந்தக் குழலை இப்படிக் கொடு. ஆமாம், இன்று வகுப்பில் வயிற்றில் வைத்துப் பிள்ளைத் துடிப்பு எண்ணினோமே, அதைத்தான். எதற்கென்று கடைசியில் சொல்கிறேன்.

இது என் சிநேகிதி ஜக்கம்மாளின் மதினிக்கு நடந்தது. சண்முகவள்ளி என்று பெயர். ஐந்து வருஷத்துக்கு முன்னால், அறுபத்திரண்டில். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. தெரிந்திருந்தால் இந்நேரம் சூப்பர்வைசர் ஆகியிருப்பாள்.

நம்மைப் போல நர்ஸ் படிப்புப் படித்தவள் இல்லை. எழுதுகிற வேலை. பிள்ளைப்பேற்றில் எத்தனை பெண்கள் சாகிறார்கள், எதனால் சாகிறார்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு, செத்தவள் ஒவ்வொருத்திக்கும் ஒரு கார்டு எழுத வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மா அந்தக் கார்டுகளை வைத்துக்கொண்டு, இந்தச் சாவுகளை எப்படி நிறுத்துவது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

கேட்டால் யார் சொல்வார்கள்? காய்ச்சல் என்பார்கள். பித்தம் என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி செத்த வீடு என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எவன் பெண் கொடுப்பான்? இரண்டு மாசம் செருப்புத் தேய அலைந்தும் ஒரு கார்டுகூட எழுதவில்லை. ஒரு நாள் கால் வலிக்குது என்று ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல்லில் சாய்ந்தபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது.

தெரியாதவளுக்காகச் சொல்கிறேன். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்தால், இறக்காத சுமையோடு அலைவாளே என்று அவள் பேரில் கல் நடுவார்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல் குறுக்கே. வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்க இறக்க, அவள் பாரமும் இறங்கும். வீட்டில் மறைத்ததையெல்லாம் ரோட்டில் பேர் வெட்டி வைத்திருக்கிறார்கள்! அன்றிலிருந்து அவள் வீட்டை விட்டுவிட்டுக் கல்லை எண்ண ஆரம்பித்தாள். ஏழு ஊரில் பதினோரு கல், பதினோரு கார்டு. டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். சண்முகவள்ளி தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். கல் இருந்தால் கார்டு. கல் இல்லையென்றால் கார்டு இல்லை.

சரி, பாதைக்கு வருகிறேன். எட்டாவது ஊருக்குக் கார்டு எழுத அதில் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள் சண்முகவள்ளி.

முதலில் சத்தம்தான். கண்ணாடி வளையல். ஒன்றிரண்டு இல்லை... வளைகாப்புப் போட்ட கை மாதிரி நிறைய. அப்புறம் வாடை. சுட வைத்த விளக்கெண்ணெய். வலி எடுத்தவள் வயிற்றில் தேய்ப்பார்களே, அதே வாடை. நிமிர்ந்தால், பத்தடி தள்ளிப் பாதை நடுவே ஒரு பெண். தலையில் கண்டாங்கிச் சேலையில் கட்டிய மூட்டை. மூட்டை நிழலில் முகம் தெரியவில்லை. கால் தெரிந்தது. வீங்கின கால். மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது.

"செத்த எறக்கி விடு தாயி. கல்லு ஒன்னயும் காணோம்" என்றாள்.

தலைச்சுமைக்காரி கேட்டால் மாட்டேன் என்று எவள் சொல்வாள்? சண்முகவள்ளி குனிந்து பையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். ஆள் இல்லை. புழுதியில் காலடி மட்டும் இருந்தது. அகலமாக, ஆழமாக, ஊரைப் பார்த்து. திரும்பி வந்த தடம் இல்லை.

காலடி ஊர்க்கடைசியில் தங்கமுத்து வீட்டு வாசலில் போய் முடிந்தது. கத்தரியும் வெண்டையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். அவன், அவன் ஆத்தா பெருமாயி, பொண்டாட்டி மாயம்மாள், அவ்வளவுதான். மாயம்மாளுக்குப் பதினெட்டு வயசு. ஒன்பதாம் மாசம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சண்முகவள்ளி செம்பை வாங்கவில்லை. அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கம். மெட்டி புதைந்திருந்தது.

வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பெருமாயி படபடவென்று பதில் சொன்னாள். மாயம்மாள் இரண்டாம் தாரம். மூத்தவள் அய்யம்மாள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சல். கல் நட்டீர்களா என்றதற்கு, காய்ச்சலுக்கு எதற்குக் கல் என்று ஒரே போடாகப் போட்டாள். கால் வீக்கத்தைக் கேட்டால், அது நீர் இறங்குகிறது, ஆம்பளைப் பிள்ளை என்றாள். கல் இல்லை. ஆகவே சண்முகவள்ளி கார்டு எழுதவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் வீக்கத்தைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா, உடனே கூட்டி வா, இல்லையென்றால் வெட்டு, அதாவது வலிப்பு, வந்து இரண்டு உயிரும் போகும் என்றார். கார்டு எழுதப் போனவளுக்கு அதோடு நிம்மதி போயிற்று. மறுநாள் ஓடினாள். பெருமாயி விடவில்லை. அடுத்த நாளும் ஓடினாள். மாயம்மாள் கதவிடுக்கில் நின்று, தலை வலிக்குது என்று சைகை காட்டினாள். அப்போதும் பெருமாயி மசியவில்லை.

ஒவ்வொரு நாளும் பாதையில் அந்த வளையல் சத்தம். முதல் நாள் பத்தடி தள்ளி நின்றவள், மூன்றாம் நாள் கைக்கெட்டும் தூரத்தில். அதே பேச்சு. இறக்கிவிடு. கல்லைக் காணோம். சண்முகவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் தூக்கமில்லை. வேறு பாதை இல்லையா மதினி என்று நானே கேட்டேன். இருக்கிறதாம். கால் அதில் போகவில்லையாம்.

நாலாம் நாள்... பாதையில் யாரும் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. ஓட்டமாக ஓடினாள். ஊருக்குள் நுழையும்போதே உடுக்கைச் சத்தம் கேட்டது.

மாயம்மாள் தரையில் கிடந்தாள். கண் மேலே செருகிவிட்டது. பல் கிட்டிப் போய், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வளையல் தரையில் அடித்து உடைந்துகொண்டிருந்தது. பேயோட்ட வந்த கோடாங்கி வேப்பிலையால் முகத்தில் அடித்தான். மூத்தவள் வந்து பிடித்துக்கொண்டாள் என்று பெருமாயி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

சண்முகவள்ளி தங்கமுத்துவின் கையைப் பிடித்து இழுத்து, மூத்தவள் எப்படிச் செத்தாள் என்று கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"இதே மாதிரிதான். ஒம்பதாம் மாசம். மூணு நாளு இழுத்துச்சு. அப்பவும் உடுக்கதான் அடிச்சோம். பொண்ணு தர மாட்டாகன்னு ஆத்தாதான் காச்சல்னு சொல்லச் சொல்லுச்சு."

இது வியாதி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அந்த வீட்டில் யார் கேட்பார்கள்? அவள் பார்த்ததைச் சொன்னாள்.

"அண்ணே, அவ இவளப் புடிக்கல. அவ பாதையில நிக்கிறா. மூணு நாளாப் பாத்துட்டுத்தான் வாரேன். எறக்கி வைக்கக் கல்லு கேக்குறா, அம்புட்டுத்தான். இது நோவு. வண்டியப் பூட்டுங்க."

கோடாங்கியின் உடுக்கை நின்றது. தங்கமுத்து ஆத்தாவைப் பார்க்காமல் வெளியே போய் மாட்டை அவிழ்த்தான்.

வண்டியில் மாயம்மாளின் பல்லுக்கு நடுவே முந்தானையைச் சுருட்டி வைத்துப் பிடித்துக்கொண்டாள் சண்முகவள்ளி. உச்சி வெயில். அதே பனை, அதே பாதை. மாடுகள் நின்றுவிட்டன. தார்க்குச்சி போட்டும் நகரவில்லை. நுரை தள்ளி, இரண்டும் ஒரே இடத்தைப் பார்த்து நின்றன. விளக்கெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. மாயம்மாளுக்கு மறுபடி இழுக்கத் தொடங்கியது.

பாதை நடுவே அவள். இறக்க வேண்டும். கல் இல்லை.

சண்முகவள்ளி வண்டியிலிருந்து குதித்தாள். நேரே போய்த் தலையைக் குனிந்து நின்றாள்.

"இங்க எறக்குக்கா" என்றாள்.

தங்கமுத்துவின் கண்ணுக்கு அங்கே யாருமில்லை. சண்முகவள்ளியின் கழுத்து சடக்கென்று உள்ளே அமுங்கியதை மட்டும் பார்த்தான். அவளுக்குத் தெரிந்தது பாரம். சூடு. ஈரம்... உள்ளே ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. மாடுகள் பிய்த்துக்கொண்டு ஓட, அவள் பின்னாலேயே ஓடி வண்டியில் தொற்றினாள்.

ஆஸ்பத்திரியில் இருட்டறையில் போட்டு ஊசி மேல் ஊசி போட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அன்றைக்கே சண்முகவள்ளி பன்னிரண்டாவது கார்டை எழுதினாள். அய்யம்மாள், ஒன்பதாம் மாசம், வெட்டு. கல் இல்லை.

ஆனால் தலையில் வாங்கியது இறங்கவில்லை. நடந்தால் ஒரு கை தானாக மேலே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆஸ்பத்திரித் தராசில் ஏறி நின்று பார்த்தாள். போன மாசத்தைவிட ஏழு பவுண்டு கூட. ஏழு பவுண்டு என்றால் ஒரு நிறைமாசப் பிள்ளை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது நாள் அதோடு நடந்தாள். தங்கமுத்து அதே இடத்தில் கல் நட்டு, அய்யம்மாள் பேரை வெட்டின அன்று உச்சிப் பொழுதில் தனியாகப் போய்க் கல்லின் மேல் தலையைக் குனிந்தாள். சொத்தென்று ஒரு சத்தம். கழுத்து நிமிர்ந்தது. தராசில் ஏழு பவுண்டு குறைந்தது. அதோடு முடிந்தது என்று அவள் சொல்கிறாள்.

போன மாசம் லீவில் போனபோது நானும் ஜக்கம்மாளும் அந்தப் பாதையில் போனோம். பையில் இந்தக் குழல் இருந்தது. நிமிஷத்துக்கு நூற்றிருபதிலிருந்து நூற்றறுபதுக்குள் துடித்தால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சிஸ்டர் சொன்னாரே... சும்மா விளையாட்டுக்குத்தான் கல்லின் மேல் குழலை வைத்துக் காதைக் கொடுத்தேன். ஜக்கம்மாள் வாட்சைப் பார்த்தாள். ஒரு முழு நிமிஷம்.

நூற்று நாற்பது.