சூட்கேஸில் இல்லாத கோட்

பேர்ணடெற்: …அதை விடுங்கோ. கோட் எங்கயெண்டுதான் கேட்டனான்.

வலன்ரைன்: எந்தக் கோட்?

பேர்ணடெற்: எத்தினை கோட் வச்சிருக்கிறியள்? கலியாணக் கோட். கண்ணை மூடினா உடுத்திவிடவெண்டு சூட்கேஸுக்குள்ள மடிச்சு வச்சது. என்ர கூறைச்சீலை கிடக்கு. உங்கட சேட், சொக்ஸ், செபமாலை எல்லாம் கிடக்கு. கோட்டை மட்டும் காணேல்லை.

வலன்ரைன்: நவம்பரில மரித்தோர் திருநாளுக்குத்தானே அதைத் திறந்து காயப்போடுறனீ. இப்ப என்ன அவசரம்?

பேர்ணடெற்: பூச்சி உருண்டை மாத்தத் திறந்தனான். கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ.

வலன்ரைன்: டெய்லரிட்டக் குடுத்தனான். வயித்துக்குக் காணாது.

பேர்ணடெற்: அந்த நாளைக்கு என்னத்துக்கு வயித்தளவு? பிரேதம் உடுத்துற மலர்ச்சாலைக்காரர் முதுகுப் பக்கத்தை வெட்டிப்போட்டு, முன்னால இழுத்து விடுவினம். உங்கட அண்ணர் சிறிலுக்கும் அப்பிடித்தானே செய்தவை.

வலன்ரைன்: எனக்கு வெட்ட விருப்பமில்லை.

பேர்ணடெற்: படுத்திருக்கேக்க முதுகை ஆர் பாக்கிறது?

வலன்ரைன்: படுக்கத்தான் போறனெண்டு ஆர் உனக்குச் சொன்னது?

பேர்ணடெற்: கதையை மாத்தாதேங்கோ. பக்கத்து வீட்டு மெல்ரோய் உங்களைக் கண்டவனாம். நுகேகொடை மார்க்கெட்டுக்கிட்ட. கோட்டும் போட்டு, வேர்த்து ஒழுக ஒழுக ஒரு மாடிப்படி ஏறினீங்களாம்.

வலன்ரைன்: மெல்ரோய்க்குக் கண் ஒப்பரேசன் செய்தது.

பேர்ணடெற்: செய்தபடியாத்தான் வடிவாத் தெரிஞ்சதாம்.

வலன்ரைன்: டெய்லர் அங்கதான் இருக்கிறான்.

பேர்ணடெற்: கொட்டாஞ்சேனையில டெய்லர்மாருக்குப் பஞ்சமோ? செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறனெண்டுதானே வெளிக்கிடுறனீங்கள். அந்தோனியார் எப்ப நுகேகொடைக்கு வீடு மாறினவர்?

வலன்ரைன்: கோயிலுக்கும் போறனான்… பிறகு ஒரு ஆளைப் பாக்க…

பேர்ணடெற்: ஆள் பொம்பிளையோ? சேட் தோள்மூட்டில பவுடர் மணக்குது. தோய்க்கிறது நான்தானே. இந்த வயசில எனக்கு இப்பிடியொரு பயம் தேவையோ?

வலன்ரைன்: ஷெரோமி எண்டு ஒரு பிள்ளை.

பேர்ணடெற்: ஆ… பேரும் இருக்கு.

வலன்ரைன்: பேத்தி வயசு, பேர்ணடெற். டான்ஸ் படிப்பிக்கிறவள்.

பேர்ணடெற்: ஆருக்கு?

வலன்ரைன்: எனக்கு. வோல்ட்ஸ், சோடியா ஆடுறது. கோட்டும் அங்கதான் தொங்குது… சிரிக்காதை.

பேர்ணடெற்: ஆர் சிரிச்சது? படுக்கையில இருந்து எழும்பவே என்ர கை வேணும். உங்களுக்கு வோல்ட்ஸ்?

வலன்ரைன்: எங்கட கலியாணத்தில முதல் வோல்ட்ஸுக்கு எழும்பாம வெக்கத்தில இருந்திட்டன். அண்ணர்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் ஆடினவர். இண்டைக்கும் ஆர் வீட்டுக் கலியாணத்துக்குப் போனாலும் அதைச் சொல்லிக் குத்துறாய். ஐம்பதாவது வருஷத்துக்காவது உன்னோட ஆடுவமெண்டு…

பேர்ணடெற்: அது ஓகஸ்ட்டிலதானே. அதுக்கு இப்பவே கோட்டோ?

வலன்ரைன்: கையைத் தூக்கினா அக்குள் இறுக்குது. போட்டுப் பழக வேணுமாம். பிறகு… அந்தக் கோட்டும் பாவம். வெட்டுப்பட முந்தி ஒருக்கா ஆடட்டுமே.

பேர்ணடெற்: அப்பிடிக் கதையாதேங்கோ.

வலன்ரைன்: ஏன் முகத்தைத் திருப்புறாய்?

பேர்ணடெற்: வெங்காயம் உரிச்சனான்.

வலன்ரைன்: வெங்காயம் குசினியில கிடக்கு. நீ இஞ்ச ஹோலில நிக்கிறாய். சரி, இப்ப நான் கேக்கிறன். கறிக்குள்ள உப்பு எப்ப திரும்பி வந்தது?

பேர்ணடெற்: என்ன உப்பு?

வலன்ரைன்: ரெண்டு வருஷமா உப்பில்லாச் சொதி குடிச்சவன் நான். இப்ப கருவாட்டுப் பொரியல் என்ன, லவ் கேக் என்ன. நேற்று ஒரு சின்ன ஷொட் சாராயம் கேக்க, நீயே கிளாசைக் கழுவிக் கொண்டுவந்து வைக்கிறாய். முந்தியெண்டா முழுக் கொட்டாஞ்சேனைக்கும் கேக்கப் பேசுற மனிசி. என்னைக் கெதியா அனுப்பப் பாக்கிறியோ எண்டு யோசிச்சனான்.

பேர்ணடெற்: விசர்க் கதை. வயசு போன மனிசன், ஆசைக்குச் சாப்பிடட்டுமெண்டு…

வலன்ரைன்: போன வருஷம் எனக்கு வயசு போகேல்லையோ? அதோட காலமில்லாத காலத்தில சூட்கேஸையும் திறந்து பாக்கிறாய்.

பேர்ணடெற்: உருண்டை மாத்த…

வலன்ரைன்: நான் ஒளிச்சதைச் சொல்லிப்போட்டன். நீ இன்னும் சொல்லேல்லை.

பேர்ணடெற்: …ஸ்கேன் பாத்த அண்டைக்கு டொக்டர் உங்களை வெளியில இருக்கச் சொல்லிப்போட்டு என்னோட கதைச்சவரெல்லோ. ஐம்பதாவது வருஷத்தைக் கொண்டாடலாமோ எண்டு கேட்டனான். அவ்வளவு தூரத்துக்குச் சொல்ல ஏலாதாம். ஆசைப்பட்டதைக் குடுத்து, சந்தோஷமா வச்சிருங்கோ எண்டவர். உங்கட முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ராவில நீங்கள் மூச்சு விடுறதையே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறனான்.

வலன்ரைன்: அந்த அறைக் கதவு ஒழுங்கா மூடுபடேல்லை, பேர்ணடெற். வெளியில போட்டிருந்த வாங்கில இருந்து எல்லாம் கேட்டனான். அடுத்த செவ்வாய்தான் ஷெரோமியிட்டப் போய்ச் சேர்ந்தது. ஓகஸ்ட்டை விடு… கையைத் தா.