மங்கம்மாள் பிழைத்திருந்தால்

நான் ஊசி போட்டால் வலிக்காது என்று மலை முழுக்கப் பேச்சு உண்டு. ஜமுனாமரத்தூர் சந்தையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டாக்டரே சில நாள், "தசரதன், நீங்களே போட்டுடுங்க, உங்க கைக்குத்தான் இவங்க அழாம இருக்காங்க" என்பார். ஒரு கம்பவுண்டருக்கு இது பெரிய மரியாதை. என்னைப் பற்றி நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான், ஐயா. மற்றதை வரிசையாகச் சொல்கிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

ஐப்பசி மழையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு ஊரில் காலரா கண்டது. டாக்டர் லீவில் இருந்தார். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நானும் ஆயா சாந்தம்மாளும் ஆள் பிடித்து, சலைன் பாட்டில் பெட்டிகளைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கேம்ப் போட்டோம். கேம்ப் என்று சொன்னதே தப்பாகப் போயிற்று. எமர்ஜென்சி நாளில் கேம்ப் என்று கூப்பிட்டு ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள் என்ற கோபம் அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. நான் பாய் விரித்து, உத்தரத்தில் கயிறு கட்டி, பாட்டிலைத் தொங்கவிட்டுக் காத்திருந்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை.

எல்லோரும் மாரியம்மன் கோயில் வாசலில் படுத்திருந்தார்கள். பூசாரி முனியன் வேப்பிலை கட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். "ஆத்தா தாகத்தோட வந்துகீறா, கேக்கறப்பல்லாம் குடுங்க" என்பது அவன் வாக்கு. அதனால் சாமைக் கஞ்சியை வடித்து, தெளிவில் உப்புப் போட்டு, பேதியாகும்போதெல்லாம் கொட்டாங்கச்சியால் முகந்து ஊற்றினார்கள். பேதிக்காரனுக்குத் தண்ணீரைக் காட்டாதே என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரியவர்கள் அதைக் குடித்துத் தேறினார்கள். குழந்தைகளின் வயிற்றில்தான் அது தங்கவில்லை, அப்படியே வாந்தியாக வந்தது. இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அந்தக் குழந்தைகளுக்கு வேண்டிய ஊசியும் பாட்டிலும் கூப்பிடு தூரத்தில் என்னிடம் இருந்தன. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ரஞ்சிதம் என்று ஒரு பெண். மடியில் ஒரு வயதுப் பிள்ளை, கண் உள்ளே போய்க் கிடந்தது. கொண்டுவா அம்மா என்று அவளைக் கெஞ்சினேன். நான் யாரையும் கெஞ்சுகிற ஆளில்லை.

"கவுண்டச்சியம்மாவே எழுந்து உக்காந்துக்கினாங்க, பாரு சார். அவங்களுக்குப் பேதி வுட்ட மாதிரி என் புள்ளைக்கும் வுட்டுடும்" என்றாள்.

கவுண்டச்சியம்மா என்றது மங்கம்மாளை. ஊர்க்கவுண்டர் ரங்கனின் மனைவி. ஊரில் முதலில் விழுந்தவள் அவள்தான். பிழைக்க மாட்டாள் என்று பாடைக்கு மூங்கில்கூட வெட்டிவிட்டார்களாம். இப்போது கோயில் சுவரில் சாய்ந்துகொண்டு மருமகளை அதட்டிக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போய் நாடி பார்த்தேன். நன்றாகவே இருந்தது. இன்னும் ஒரு நாளில் எழுந்து நடந்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னா கம்பவுண்டரே, பாட்டிலுக்கு ஆளு கெடைக்கலியா? நீயே ஏத்திக்கினு படுத்துக்கோ" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பேதியில் கிடந்தவன்கூடச் சிரித்தான். நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற சுபாவம் எனக்குக் கிடையாது.

போன கோடையில் சின்னக்குழந்தை என்ற பெண்ணுக்குப் பிரசவமாகி, டெட்டனஸ் கண்டு தாடை பூட்டிக்கொண்டது. முனியனிடம் வைத்திருந்து, எல்லாம் முடிந்த பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். என் மேசைமேல் வில்லாக வளைந்து செத்தாள். அன்றைக்கு நான் அழுதேன், ஐயா. இனி ஒருத்தரை இப்படிச் சாகவிடக் கூடாது என்று நினைத்தேன். இப்போது மங்கம்மாள் எழுந்து ஊருக்குள் நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். முனியன் கோயிலுக்குக் கூட்டம் கூடும். ரஞ்சிதத்தின் பிள்ளை சாகும். அடுத்த வருஷம் பாம்பு கடித்தவனும் தாடை பூட்டினவளும் அங்கேதான் போவார்கள். ஒருத்தி பிழைத்தால் பத்துப் பேர் சாவார்கள். அவள் பேரில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. அவள் பிழைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நானாக எதையும் தேடிப் போகவில்லை. அன்று சாயங்காலம் அவள் மருமகள் செந்தாமரை பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். உள்ளே காலெடுத்து வைக்கப் பயம்.

"சார், உப்பு இருந்தா குடுங்க சார். சந்தைக்கு யாரும் போவல. அத்தைக்குக் கஞ்சில போட வூட்ல ஒரு கல்லு உப்பு இல்ல."

சமையல் உப்பு சாந்தம்மாளின் தகர டப்பாவில் இருந்தது. பேதியுப்பு என் மருந்துப் பெட்டியில் இருந்தது. மலச்சிக்கலுக்குக் கொடுப்போமே, அது. நான் பெட்டியைத் திறந்தேன். தாராளமாகவே பொட்டலம் கட்டினேன்.

"இது ஆஸ்பத்திரி உப்பு பாப்பா, கொஞ்சம் கசக்கும். ஒவ்வொரு தடவையும் நல்லா அள்ளிப் போடு" என்றேன்.

"சீக்காளி வாய்க்கு எல்லாம் கசப்புதான் சார். நீங்க நல்லா இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மங்கம்மாள் மறுநாள் உச்சிவேளைக்கு இறந்தாள். மருமகள் கடைசிவரை ஊற்றிக்கொண்டே இருந்தாளாம். நல்ல பெண். மாமியாரை அப்படிப் பார்த்துக்கொள்கிற பெண்கள் குறைவு.

அழுகைச் சத்தம் கேட்டு அடங்குமுன் ரஞ்சிதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். அவள் பின்னால் ஊரே வந்தது. முனியன் தனியாகக் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தான் என்று சாந்தம்மாள் சொன்னாள். நான் ரஞ்சிதத்தின் பிள்ளைக்கு நரம்பு தேடி ஊசி ஏற்றினேன். அது அழவில்லை. இப்போது தவழ்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம். அதற்குப் பிறகு அந்த ஊரில் ஒரு சாவுகூட இல்லை. நான் செய்தது சரியா தப்பா என்று கேட்டீர்கள். அந்தப் பிள்ளைகளின் தாய்மாரைக் கேளுங்கள்.

பொட்டலத்தில் மிச்சம் இருந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றாமல் போயிற்று. அது என் கவனக்குறைவு. கருமாதிக் குழம்பில் அதைப் போட்டு, சாப்பிட்டவர்களுக்கெல்லாம் வயிறு போக, மறுபடியும் காலரா என்று சுகாதார அதிகாரியான உங்களை இவ்வளவு தூரம் வரவழைத்துவிட்டார்கள். செந்தாமரை உங்களிடம் பொட்டலத்தை எடுத்துக் காட்டினாளாம். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆமாம், மங்கம்மாளைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டில்கள் அத்தனை பேருக்கும் போதுமானவையாக இருந்தனவா என்று கேட்கிறீர்கள். போதவில்லை. குழந்தைகளுக்கு ஏற்றியதோடு தீர்ந்துவிட்டது. பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மதிய உணவு அண்டாவில் சாமைக் கஞ்சி காய்ச்சி, தெளிவு இறுத்து, சாந்தம்மாளின் டப்பாவில் இருந்த உப்பைப் போட்டேன். பேதியாகும்போதெல்லாம் ஒரு டம்ளர். எல்லோரும் தேறினார்கள். மாமியார் இறந்த கையோடு செந்தாமரைக்கும் காலரா கண்டிருந்தது. பாயில் படுத்தபடி ஒரு டம்ளர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சார், இது நான் அத்தைக்குக் குடுத்துக்கினு இருந்த கஞ்சிதானே?" என்றாள்.

"இல்ல பாப்பா, அது வேற. இது நான் குடுக்கறது" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.