தூணுக்குள்ள ஒரு சுருள்

பாத்து வாங்க, அந்தப் படி ஒண்ணு மட்டும் கொஞ்சம் ஒசரம். கட்டின கொத்தனாருக்கு அன்னைக்கு வீட்ல என்ன சண்டையோ தெரியல. புதுசா வர்ற எல்லாருமே அதுல ஒருதடவை தடுமாறிட்டுத்தான் மேல வருவாங்க. குடி வந்தாச்சுன்னா ஒரே வாரத்துல கால் தானா தூக்கிக்கும்.

சமையல்கட்டு சின்னதா இருக்கேன்னு கீழ நின்னு யோசிச்சீங்க, கவனிச்சேன். சின்னதுதான், நான் ஒண்ணும் மறைக்கல. ஆனா ரெண்டு பேர் உள்ள நின்னா மூணாவது ஆள் வந்து குறை சொல்ல எடமிருக்காது. அது எவ்வளவு பெரிய வசதின்னு உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

இதுதான் மாடி ரூம். உக்காருங்கம்மா. அது இல்ல, அது ஆடும், இந்த நாற்காலில உக்காருங்க. பல் டாக்டர்னு புரோக்கர் சொன்னாரு. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்க, கொஞ்சம் உக்காந்தா ஒண்ணும் கெட்டுப் போயிடாது. டீ கொண்டு வரட்டுமா? வேண்டாமா, சரி, அப்புறம் குடிக்கலாம்.

அந்த கீபோர்டா? என்னுதுதான். பேரப்பிள்ளைங்க வாசிக்கறதுன்னு நெனச்சீங்களா, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. ரிட்டயரானதும் ஆசை ஆசையா வாங்கினேன். எப்பவாவது கத்துக்கணும், எப்பவாவது கத்துக்கணும்னு மனசுக்குள்ளயே ஒரு மூட்டை கட்டி வச்சிருப்போம் இல்ல, அதைப் பிரிக்கலாம்னுதான். மாஸ்டர் நல்ல பொறுமைசாலி. என் வலது கை சொல்றதை இடது கை கேக்காது. ரெண்டும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திங்க மாதிரி. ஒருநாள் மாஸ்டரே கேட்டாரு, ஏம்மா, உங்களுக்குப் பாட்டுக் கேக்கப் பிடிக்குமான்னு. ரொம்பப் பிடிக்கும் சார்னேன். அப்ப அதையே தொடர்ந்து செய்யுங்கன்னுட்டாரு.

அடுத்தது ஜெர்மன். ஏன்னெல்லாம் கேக்காதீங்க, பக்கத்துத் தெருவுல சொல்லிக் குடுத்தாங்க, நடந்தே போயிடலாம், அதான். அந்த பாஷைல கரண்டி ஆம்பளையாம், முள்கரண்டி பொம்பளையாம், கத்தி ரெண்டும் இல்லையாம். இத்தனை வருஷமா கழுவிக் கவுத்திருக்கேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரிஞ்சதில்ல. சிரிங்க சிரிங்க. என் பொண்ணும் இதைக் கேட்டு இப்படித்தான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

ஜன்னல் ஓரத்துல இருக்கறதா? கல்லு. வெறும் கல்லுதான். எடுத்துப் பாருங்க, பரவாயில்ல. அந்தக் கறுப்பு கனமா இருக்கும், கால்ல போட்டுக்காதீங்க.

எப்படி வந்துச்சு இந்தக் கிறுக்குன்னா, ஆஸ்பத்திரிலதான் வந்துச்சு. நான் பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல ரிசப்ஷன்ல இருந்தேன். வேலைன்னு பெருசா ஒண்ணுமில்ல. ரெண்டாவது மாடி, இடது பக்கம். எலும்பா, கீழ, கடைசி ரூம். இதையே முப்பது வருஷம் சொன்னேன். தூக்கத்துல கூட இடது பக்கம் இடது பக்கம்னு சொல்லுவேனாம், எங்க வீட்டுக்காரர் சொல்லி சொல்லிச் சிரிப்பாரு. எனக்கு நேர் எதிர்ல ஒரு தூண். பழுப்புக் கல்லு பதிச்சு, மொகம் தெரியற அளவுக்கு பாலிஷ் போட்டிருப்பாங்க. அதுல உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையா ஒரு சுருள். முறுக்கிவிட்ட கயித்தைச் சுத்தி வச்ச மாதிரி. கூட்டம் இல்லாதப்ப என் கண்ணு அங்கதான் போய் நிக்கும். கறைன்னு நெனச்சு துடைக்கறவங்ககிட்ட சொல்லித் தேய்க்கக்கூடச் சொன்னேன். போகல. எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். குனிஞ்சு நல்லாப் பாத்துட்டு, யாரோ டம்ளரை வச்சு எடுத்திருக்காங்கன்னாரு. ஏங்க, நிக்கற தூண்ல எவன் டம்ளரை வைப்பான்னு கேட்டா, அதை விடுன்னாரு. எது கேட்டாலும் அதை விடும்பாரு, பாவம். அவர் போயி ரொம்ப வருஷமாச்சு.

அப்புறம் ஒருநாள், ஒரு காலேஜ் பொண்ணு. கால் ஒடிஞ்சு வந்திருந்தா. மலையடிவாரத்துல பாறை பாக்கப் போன எடத்துல விழுந்திருக்கா. சக்கர நாற்காலியைத் தள்ளிட்டு வந்தவர் அவளைத் தூணைப் பாத்த மாதிரி விட்டுட்டு சீட்டு வாங்கப் போயிட்டாரு. வலில மொனகிட்டிருந்த பொண்ணு திடீர்னு சத்தமே இல்லாம ஆயிட்டா. மயங்கிட்டாளோன்னு எழுந்து ஓடினேன். பாத்தா தூணைத் தடவிக்கிட்டு இருக்கா. அக்கா, இது எவ்வளவு நாளா இங்க இருக்குன்னா. கட்டடம் கட்டினதுலேருந்து இருக்கும்மான்னேன். இல்லக்கா, பல கோடி வருஷமா இருக்கு, இது ஒரு உயிரு, கடல்ல நீந்திக்கிட்டிருந்ததுன்னா. நத்தையான்னு கேட்டேன். பாக்கத்தான் நத்தை மாதிரி, ஆனா கணவாய் மீனுக்குத்தான் சொந்தமாம். செத்து, கடலடியில சேத்துல புதைஞ்சு, அந்தச் சேறே கல்லாகி, அந்தக் கல்லை வெட்டி, எங்க ஆஸ்பத்திரில பதிச்சுட்டாங்க.

எனக்கு அன்னைக்கு சோறு இறங்கலம்மா. பயமெல்லாம் இல்ல. எப்படிச் சொல்றது, கடல்ல நீந்தின ஒண்ணு என் எதிர்ல இத்தனை வருஷமா இருந்திருக்கு, நான் அதைப் பாத்துக்கிட்டே ரெண்டாவது மாடி இடது பக்கம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். அந்தப் பொண்ணு கட்டு மாத்த வர்றப்பல்லாம் என்கிட்ட வந்து உக்காருவா. இந்தக் கல்லு எரிமலைலேருந்து வந்தது, அது ஆத்து மணல் அழுந்தி அழுந்தி ஆனதுன்னு சொல்லுவா. கால் சரியானதும் வர்றது நின்னுபோச்சு. எனக்கு நிக்கல. புஸ்தகம் வாங்கிப் படிக்க ஆரம்பிச்சேன். இந்த ரூம்லதான். பிள்ளைங்க போன் பண்ணி என்னம்மா பண்றேம்பாங்க. படிக்கறேம்பேன். சாமி புஸ்தகம்னு நெனச்சுட்டாங்க. நானும் மாத்திச் சொல்லல.

நீங்க கேக்கறது நியாயம்தான். இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டு நான் எங்க போறேன். என் பையன் வீட்ல எனக்குன்னு தனி ரூம் ஒதுக்கியாச்சு. முட்டி வலிக்குமேன்னு தாழ்வா ஒரு கட்டில் செஞ்சு போட்டிருக்கான். மருமகளும் தங்கமான பொண்ணு, அத்தை எப்ப வரீங்கன்னு தெனம் கேக்கறா. பொண்ணு வீட்ல எனக்குப் பிடிச்ச இளம்பச்சைல சுவரு அடிச்சு வச்சிருக்கா. முதல் ஆறு மாசம் யாருகிட்டன்னு அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சண்டை. அட, நிஜமாவே சண்டைங்க. பத்து நாள் பேசிக்கல.

குடுத்து வச்சவங்கன்னு சொல்றீங்க. ஆமா. அதுதாம்மா கஷ்டமே. கெட்ட பிள்ளைங்களா இருந்தா எவ்வளவு சுலபம், சொல்லிட்டுக் கெளம்பியிருப்பேன்.

இல்ல, ரெண்டு வீட்டுக்கும் போகல. ஹாஸ்டலுக்குப் போறேன்.

முதியோர் இல்லமெல்லாம் இல்லங்க, நீங்க ஒண்ணு. காலேஜ் ஹாஸ்டல். ஆறு மணி நேரம் பஸ்ல போகணும். மூணு வருஷப் படிப்பு, கல்லு, மண்ணு, மலை எல்லாம் அதுல வருது. பெரியவங்களுக்குன்னு கொஞ்சம் சீட்டு வச்சிருக்காங்க, நுழைவுத் தேர்வு எழுதணும். போன வருஷம் எழுதினேன், ஊத்திக்கிச்சு. கெமிஸ்ட்ரி காலை வாரிடுச்சு. பையன்கிட்ட கண் டாக்டரைப் பாத்துட்டு வந்தேன், கண்ணு கொஞ்சம் கலங்கிருக்குன்னு சொல்லிச் சமாளிச்சேன். கலங்கித்தான் இருந்துச்சு. இந்த வருஷம் பாஸ்.

நேர்காணல்ல மூணு பேராசிரியருங்க. ஒருத்தருக்கு என் பையனை விடச் சின்ன வயசு. அம்மா, மலை ஏறணும், பாறை மேல தவழணும், உங்களால முடியுமான்னு கேட்டாரு. தம்பி, எங்க ஆஸ்பத்திரில லிஃப்ட் எப்ப பாத்தாலும் ரிப்பேர், நாலு மாடி ஏறி ஏறி என் காலுக்குப் பழகிப் போச்சு, முடியும், ஆனா மெதுவாத்தான் முடியும்னேன். நடுவுல இருந்த அம்மா சிரிச்சுட்டாங்க. பாறை எங்கயும் ஓடிடாது, மெதுவா வாங்கன்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு, அவங்களைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வெளிய வந்து பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிச்சப்புறம்தான் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேக்கவே வாய் வந்துச்சு.

என் ரூம் பொண்ணு நேத்து போன் பண்ணினா. பதினெட்டு வயசு. ஆன்ட்டி, உங்க பொண்ணுகிட்ட போனைக் குடுங்க, நாங்க ஒரே ரூம்னா. பொண்ணு இல்லம்மா, நாந்தான்னேன். நீங்களா, நீங்களான்னு ரெண்டு தடவை கேட்டா. அப்புறம், பரவால்ல ஆன்ட்டி, நீங்க குறட்டை விடுவீங்களான்னா. தெரியலம்மா, கேக்க ஆளில்லன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். நல்ல பொண்ணா இருப்பான்னு தோணுது.

பிள்ளைங்களுக்கா? இன்னும் தெரியாது. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றாங்க, சாமான் கட்டித் தர. அப்ப உக்கார வச்சுச் சொல்லிடுவேன், ஒளிச்சு வச்சுட்டு ஓடற எண்ணமெல்லாம் இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி போய்ச் சேந்துட்டு வந்துடணும். பையன் கத்துவான், கத்தினா தாங்கிப்பேன். பொண்ணு கத்த மாட்டா. பேசாம அந்தக் கல்லையெல்லாம் தொடச்சுப் பெட்டில வச்சுக்கிட்டே அழுவா. சேராம இருக்கறப்ப அவ அழுதான்னா நான் போக மாட்டேம்மா. என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இளம்பச்சை ரூம்ல போய் நல்லபடியா உக்காந்துக்குவேன். சந்தோஷமாத்தான் இருப்பேன், அதுவும் தெரியும். ஆனா ஏன் வரலன்னு கேட்டுக்கிட்டே இருக்கும், அந்தச் சுருளு.

உங்களுக்கு வீடு பிடிச்சிருக்கு இல்ல? மொகத்தைப் பாத்தாலே தெரியுது. தாராளமா எடுத்துக்கங்க, புரோக்கர்கிட்ட நானே சொல்லிடறேன். உங்களை மாதிரி ஒருத்தங்க வரணும்னுதான் காத்திருந்தேன். நீங்க பல்லு, நான் கல்லு, ஒத்துப் போயிடும்.

ஒரே ஒரு உதவி மட்டும் கேக்கட்டுமா? ரெண்டு நாளா மனசுல போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன், வேற யார்கிட்டயும் கேக்க முடியல. ஹாஸ்டல் வார்டன் ரொம்பக் கறாரு. சேர்ற அன்னைக்குப் பொறுப்பான பெரியவங்க யாராவது கூட வந்து நிக்கணுமாம். ஏம்மா, எனக்கு அறுபத்திரண்டு முடிஞ்சாச்சு, பெரியவங்களுக்கு நான் எங்க போறதுன்னு கேட்டேன். ரூல்னா ரூல்தானாம், சொந்தக்காரங்கதான்னு இல்ல, படிச்சவங்க, வேலைல இருக்கறவங்க யாரா இருந்தாலும் சரிங்கறா. வர்ற வெள்ளிக்கிழமை உங்க கிளினிக் லீவுன்னு வர்றப்பவே சொன்னீங்க இல்ல. விடியக் காலைல ஒரு பஸ் இருக்கு. நீங்க பெருசா ஒண்ணும் பேச வேண்டாம். வார்டன் கேட்டா, இந்தப் பொண்ணு ரொம்ப அடக்கமான பொண்ணு, ராத்திரி ஒன்பது மணிக்குள்ள ரூமுக்கு வந்துடுவான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.