கடற்கரையில் நின்ற லைன்

தலைமை நாற்காலியைத் தம் பொறுமையால் தாங்கிக்கொண்டிருக்கும் தலைவர் ஹமீது சுல்தான் அவர்களே! பாம்பன் வாசகசாலையின் பதினோராம் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டுத் தந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே! வலை உலர்த்திய கையோடு வந்திருக்கும் தோழர்களே! அனைவருக்கும் இந்தத் தந்திக் கம்பத்துக்காரனின் வணக்கம்.

ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிப் பேசு என்றார்கள். முப்பதாண்டு லைன்மேனாக இருந்தவன் வேறெந்தச் சொல்லைத் தேடுவேன்? லைன்! நம் ஊருக்கு வந்த நாள் முதல் அது சும்மா இருந்ததா? தரையில் கிடந்தால் ரயில் லைன். கம்பத்தில் தொங்கினால் தந்தி லைன். காவலர் குடியிருந்தால் போலீஸ் லைன். கடல் கடந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன நம் சனத்துக்கோ, பத்தடி அறையில் பத்துப் பேர் முடங்கிய லைன் வீடு! மூக்குப்பொடிக் கடையில் அரிசி கேட்டால், “அது நம்ம லைன் இல்லை” என்கிறான். பெண் கேட்டுப் போன தரகரோ, “லைன் கிளியர்” என்று கண்ணடிக்கிறார். சிரிக்கிறீர்கள், ரயிலுக்குக்கூட அத்தனை சீக்கிரம் அது கிடைப்பதில்லை!

ரேஷன் கடையில் வரிசை என்று நாம் முட்டி மோதியதற்கும் அதுதான் பெயர். ஆனால் அந்தச் சொல் வருமுன்பே நம் கரையில் அந்தப் பொருள் இருந்தது. கரைவலை போட ஆளுக்கொரு நாள்; அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அன்றைய பாடு யாருடையதோ அவன் படகு கரையில் இல்லாதபோது மீன் வந்தால், அடுத்தவன் வலை போடலாம். இது எவரும் எழுதாத சட்டம்.

போன பங்குனியில் ஒரு நாள் முனியசாமியின் பாடு. ஏழு நாள் காத்திருந்து வந்த பாடு. அடுத்த பாடு வாவு முகம்மதுவுக்கு. இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என்ன வாவு முகம்மது அண்ணே, எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். உங்களைப் புகழப்போவதில்லை, பார்த்ததைச் சொல்லப்போகிறேன்.

அன்று காலை, கருவாடு உலர்த்தும் பூமயிலுக்குப் பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். காலை ரயில் போயாயிற்று, அடுத்தது மாலையில். டாக்டரோ அக்கரையில். முனியசாமி ஒரு நிமிடம்தான் கடலைப் பார்த்தார்.

“வலையக் கரையில எறக்கிப் போடுங்கலே. புள்ளைய ஏத்துங்க” என்றார். படகு போயிற்று.

நான் அப்போது கரையோரக் கம்பத்தின் உச்சியில். கம்பத்தில் இருப்பவனுக்குக் கீழே யாரும் சொந்தமில்லை, பகையுமில்லை. ஆனால் கண் சும்மா இருக்குமா? மீன் கூட்டத்தால் கடல் கறுத்து வந்தது. “சாளை! சாளை!” என்று கத்திவிட்டேன். கத்திய பிறகுதான், யாருடைய வயிற்றில் அடித்தேன் என்பது உறைத்தது. வெட்கப்பட்டேன்.

வாவு முகம்மதுவின் ஆட்கள் படகில் கை வைத்தார்கள். “மொதலாளி, பாடு இப்ப நம்மளுக்குத்தானே? தள்ளுவமா?”

“பேசாம இருங்கலே. அவன் என்ன ஊர் சுத்தவா போயிருக்கான்?” என்று அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அடுத்த மீரா சாகிபுவும் உட்கார்ந்தார். அதற்கடுத்தவரும் உட்கார்ந்தார்.

ஏழு படகுகள்! ஏழும் நிற்க, எதிரே மீன் துள்ள, எந்தக் கையாவது துடுப்பைத் தொட்டதா? எந்தக் காலாவது தண்ணீரை மிதித்ததா? எந்தப் போலீஸ் அவர்களைத் தடுத்தது? எந்தக் கோர்ட்டு அவர்களுக்கு உத்தரவு போட்டது? கண்ணெதிரே வந்த கூட்டம் கண்ணெதிரே போயிற்று, பெருமக்களே!

பிற்பகலில் படகு திரும்பியது. பெண் குழந்தை, தாயும் சுகம். முனியசாமி வலை போட்டார். பாசியும் இரண்டு கூடைக் காரல் பொடிமீனும்தான் வந்தன. ஒரு கூடையை எடுத்துப்போய் வாவு முகம்மதுவின் முன் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாவு முகம்மதுவும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மீரா சாகிபுவிடம் சொன்னார்: “இன்னைக்கு எனக்குப் பாடு இல்லேன்னு அவன்ட்ட சொல்லுங்க. பங்கு எதுக்கு?”

இன்றுவரை இருவரும் பேசிக்கொள்வதில்லை. அதோ, பந்தலின் இந்த ஓரத்தில் ஒருவர், அந்த ஓரத்தில் ஒருவர். இந்தப் பந்தல் சாயாமல் நிற்பது அவர்களால்தான் என்று நான் நம்புகிறேன். செவி தந்தவர்களுக்கு நன்றி; அந்த இருவருக்கும் தனித்தனியே என் வணக்கம்.