வானத்தின் மேல் போட்ட பழி

இந்த நூலக மாடிக் கூடத்தில், என்னாலும் பேச முடியும் என்று என்னைவிட அதிகமாக நம்பி அழைத்த விமானப் பயணிகள் நலச் சங்கத்தின் தலைவர் அம்மையார் அவர்களே! வயதிலும் அறிவிலும் எனக்கு மூத்து, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பிலும் அலுவலகத்திலும் வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! இந்த ஒலிபெருக்கியை மூன்று முறை கழற்றி மூன்று முறை மாட்டிய மின்பணியாளர் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். கையில் ஏழு தாள்கள் இருக்கின்றன. பக்க எண் போட்டு வைத்திருக்கிறேன். இந்த மின்விசிறியைச் சற்றுக் குறைத்தால் ஏழும் என்னிடமே இருக்கும். நன்றி ஐயா.

முப்பத்தாறு ஆண்டுகள் வானிலை நிலையத்தில் பதிவாளனாக வேலை பார்த்தேன். மணிக்கொரு முறை வெளியே வருவேன். வானத்தை மனத்துக்குள் எட்டுப் பங்காகப் பிரிப்பேன். எத்தனை பங்கில் மேகம், காற்று எந்தத் திசை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மழை எத்தனை மில்லிமீட்டர் என்று குறிப்பேன். பார்த்ததை எழுது, பாராததை எழுதாதே. என் தொழில் அவ்வளவுதான். அந்தத் தொழிலுக்கு, ஓய்வு பெற்ற பிறகு, நானே ஒரு துரோகம் செய்தேன். அதைச் சொல்லத்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

என் மனைவிக்கு ஒரு தம்பி. வேறோர் ஊரில் லிஃப்ட் மெக்கானிக். திருமணம் செய்துகொள்ளவில்லை. தாய் தந்தை இல்லை. உலகத்தில் அவருக்கு உறவென்று இருப்பது அக்கா ஒருத்திதான். சென்ற ஆண்டு அவருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. "நாளைக்கே செய்துவிடலாம்" என்று மருத்துவமனை திடீரென்று சொல்லிவிட்டது. அன்று மாலை தொலைபேசியில் அழைத்தார்.

"அக்கா, பன்னிரண்டு மணிக்கு உள்ளே கூட்டிட்டுப் போயிடுவாங்களாம். அதுக்கு முன்னாடி வந்துடு. உன் மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுப் போறேன்."

"போடா பைத்தியக்காரா. பத்து மணிக்கே உன் கட்டில்ல உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கிட்டு இருப்பேன்."

காலை ஏழு இருபதுக்கு விமானம். ஐந்து மணிக்கே போய்விட்டோம். ஏழு மணிக்குப் பலகையில் ஒரு சொல் மாறியது: ரத்து.

முகப்பில் இருந்த பெண் தலை நிமிராமல் சொன்னார். "வெதர் சரியில்லை சார். ஈவ்னிங் ஃப்ளைட்ல ரெண்டு சீட் தர்றேன். இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

அவருக்குப் பின்னால் முழுநீளக் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் வானம். பழக்க தோஷம், பார்த்துவிட்டேன். எட்டில் ஒரு பங்கு மேகம். பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புகைபோக்கியின் சிவப்புப் பட்டை கூடத் தெரிகிறது. மற்ற நிறுவனங்களின் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

"அம்மா, வானம் தெளிவா இருக்குதே?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"இங்கே தெளிவா இருக்கும் சார். அங்கே இல்லை."

பின்னால் வரிசை நெளிந்தது. "பெரியவரே, போடுறதுன்னா போடுங்க. இல்லைன்னா தள்ளுங்க. சீட் காலியாயிடும்!"

என் மனைவி என்னைத்தான் பார்த்தாள். "முப்பத்தாறு வருஷம் வானத்தைப் பார்த்தே சம்பளம் வாங்கினீங்க. இப்ப அந்தப் பொண்ணு சொன்னதும் மேகம் வந்துடுச்சா?"

தாளில் அச்சிட்டிருந்தது: 'மோசமான வானிலையால் பயணம் ரத்தானதை அறிந்து, மாற்றுப் பயணத்தை ஏற்கிறேன்.' வாசித்தேன். பொய் என்று தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

பெரியோர்களே, ஏன் போட்டேன்? வானம் மாறிவிட்டதா? இல்லை. கண் மங்கிவிட்டதா? இல்லை. கணக்குத் தப்பிவிட்டதா? அதுவும் இல்லை. வரிசைக்குப் பயந்தேன். சீருடைக்குப் பயந்தேன். சத்தமாகக் கேட்கப்போகும் என் குரலுக்கே பயந்தேன்.

இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. மூன்றாம் நாள் தம்பி வாய் திறந்தார். "வரலையே அக்கா."

"வானிலை சரியில்லைன்னு ரத்து பண்ணிட்டாங்கடா." நான் கையெழுத்திட்ட பொய்யை அவள் சொல்ல வேண்டியதாயிற்று.

"அன்னிக்குக் காலையில இந்த ஜன்னல்ல அடிச்ச வெயிலுக்குக் கண்ணே கூசுச்சு. நர்ஸைக் கூப்பிட்டுத் திரையை இழுக்கச் சொன்னேன். நேரத்துக்குக் கிளம்பலைன்னு சொல்லிட்டுப் போயேன். லிஃப்ட் நின்னாக்கூட நாங்க காரணத்தை எழுதி ஒட்டுவோம் அக்கா. வானத்தைக் கைகாட்ட மாட்டோம்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வீடு திரும்பிய பிறகும் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. ஒரு மாதம். இரண்டு மாதம். மூன்று மாதம். யாரோ சொன்ன பொய். பொய்க்காரி ஆனவள் என் மனைவி.

அப்போதுதான் பயணச் சீட்டின் நிபந்தனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ரத்துக்கு நிறுவனம் காரணமென்றால் இழப்பீடு உண்டு. இயற்கை காரணமென்றால் இல்லை. புரிகிறதா, தாய்மார்களே? 'வானிலை' என்ற ஒரு சொல் அவர்களுக்கு எவ்வளவு விலை பெறும் என்று! இழப்பீடு கேட்டு எழுதினேன். நான்கு வரியில் பதில் வந்தது: இயற்கை, வருத்தம், இயலாது, நன்றி.

கடிதத்தை மனைவியிடம் காட்டினேன். "பணத்தை அவங்களே வெச்சுக்கட்டும். காரணத்தை வாங்கிக் கொடுங்க. அதை நான் என் தம்பிகிட்ட காட்டணும்" என்றாள்.

பழைய அலுவலகத்துக்குப் போனேன். கட்டணம் கட்டி, அந்த நாளின் மணிவாரிப் பதிவுகளின் நகல் கேட்டேன். புறப்படும் ஊர் தெளிவு. போய்ச்சேரும் ஊர் தெளிவு. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குச் சந்தேகம் விடாது. அந்த விமானம் எங்கிருந்து எங்கள் ஊருக்கு வர வேண்டும்? அந்த மூன்றாவது ஊரில் மழையென்றால்? அதையும் வாங்கினேன். விடியற்காலை ஐந்து முதல் ஐந்தே முக்கால் வரை அங்கே மழை.

"இந்தத் தாளை எதுக்குச் சேர்க்கறீங்க? அவங்களுக்கு நாமளே கத்தியைத் தீட்டிக் கொடுக்கணுமா?" என்றாள் மனைவி.

"பெய்திருக்கே" என்றேன். சேர்த்தேன். அன்று இரவு முழுக்க அது சரியா தவறா என்று தெரியாமல் புரண்டதையும் மறைக்கவில்லை.

குறைதீர் அலுவலகத்தில் விசாரணை. சின்ன அறை, ஒரு நீள மேசை, கைப்பிடி இல்லாத நாற்காலிகள். நிறுவனத்தின் வழக்கறிஞர் அந்தத் தாளை உயர்த்திப் பிடித்தார்.

"பெரியவரே, இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"என்ன வேலை பார்த்தீங்க?"

"வானிலைப் பதிவாளர்."

"அடடே! வானிலை மோசம்னு வானிலைக்காரரே கையெழுத்துப் போட்டிருக்கார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அறையில் சிரிப்பு. நீங்களும் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள், நல்ல கேள்விதான். ஆனாலும் எழுந்தேன்.

"மோசம் இல்லைன்னு தெரிஞ்சேதான் போட்டேங்க. பயந்து போட்டேன். முப்பத்தாறு வருஷத்துல போடாத பொய்க் குறிப்பை, பென்ஷன் வாங்குற காலத்துல போட்டுட்டேன். அதை அடிச்சுத் திருத்தத்தான் வந்திருக்கேன்."

சிரிப்பு நின்றது. விசாரணை அலுவலர் என் மூன்று தாள்களையும் புரட்டினார். மூன்றாவதில் விரலை வைத்தார்.

"இதுல மழைன்னு இருக்கே. உங்களுக்கு எதிரானதை நீங்களே ஏன் வெச்சீங்க?"

"பெஞ்சுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வழக்கறிஞரைப் பார்த்தார். "மழை ஆறு மணிக்கு முன்னாடியே நின்னிருக்கு. இவர் தனக்கு எதிரான மழையைக்கூட மறைக்கலை. நீங்க அந்த நாளோட பணியாளர் பட்டியலைக் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "பரவாயில்லை. உங்களுக்கும் குரல் இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அடுத்த விசாரணையில் பட்டியல் வந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் முறைப்படி விடுப்பு வாங்கியிருந்தார். அதைப் பட்டியலில் ஏற்ற யாரோ ஒருவர் மறந்துவிட்டார். ஆள் ஒன்று குறைந்தது, விமானம் நின்றது. அவ்வளவுதான், அன்பர்களே! புயலும் இல்லை, பனியும் இல்லை. ஒரு மறதி. மறதியை நாம் மன்னிக்க மாட்டோமா? மறக்காத மனிதன் நம்மில் யார்? அன்றைக்கே சொல்லியிருந்தால், வேறு நிறுவனத்தின் விமானத்தில் ஏறியிருப்போம். பத்தரைக்கு ஒன்று இருந்ததே என்று கேட்டால், வானிலை மோசமென்று கையெழுத்திட்டவன் அதை விசாரிப்பானா? பன்னிரண்டு மணிக்குள் போயிருக்க முடியுமோ முடியாதோ, ஓடியாவது பார்த்திருப்போம். பொய் எங்களிடமிருந்து பறித்தது அந்த ஓட்டத்தை.

பின்வரிசையில் ஓர் ஐயா "எவ்வளவு கிடைச்சுது?" என்கிறார். இரண்டு சீட்டின் விலையும், அதற்கு மேல் அதில் பாதியும். வங்கியில் வந்து சேர்ந்தது. அதோடு நிறுவனத்தின் முத்திரையிட்ட கடிதம் ஒன்று: 'பணியாளர் பற்றாக்குறையால் ரத்து செய்யப்பட்டது. வானிலை காரணமன்று.'

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனோம். சொல்லாமல்தான் போனோம். கதவைத் திறந்தவர் வழி விடவில்லை. என்னிடம் மட்டும் "வாங்க மாமா" என்றார். மனைவி கடிதத்தை நீட்டினாள். நின்றபடியே படித்தார். இன்னொரு முறை படித்தார்.

"ஆள் பத்தலையா?"

"ஆமாம்டா."

தாளை நான்காக மடித்தார். "ஜன்னல், வெயில்னு நான் சண்டை போட்டதெல்லாம் மேலுக்குத்தான் அக்கா. உள்ளே தள்ளிட்டுப் போறப்ப பயமா இருந்துச்சு. கதவு மூடுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை."

"இப்ப இருக்கேன்ல? தள்ளி நில்லுடா, உள்ளே வரணும்."

அவர் தள்ளி நின்றார்.

அன்பர்களே, தாய்மார்களே! ரத்து என்றதும் தலையைக் குனியாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள், வாசித்து, பொய்யென்று தெரிந்த பிறகு, என்னைப் போல ஒருபோதும் இடாதீர்கள். சீட்டைத் தொலைக்காதீர்கள், நேரத்தைக் குறிக்க மறக்காதீர்கள். உரக்கக் கேட்க வராதா? மெல்லக் கேளுங்கள். நாக்குத் தடுமாறுகிறதா? தடுமாறியே கேளுங்கள். இழப்பீடு என்பது இரந்து வாங்கும் காசன்று. தாமதித்த ஒவ்வொரு விமானத்துக்காகவும் எங்கோ ஒருவர் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நாம் சொல்ல வேண்டிய பதில் உண்மையாக இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் கடமை நம்முடையது.

ஏழு தாளும் முடிந்தன. கொட்டாவியைக் கைக்குட்டைக்குள் மறைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உங்கள் பயணங்கள் நேரத்துக்குப் புறப்படட்டும். வணக்கம்.