திரும்பி வந்து பார்ப்பவர்கள்

ஓரிடத்துக்கு ஒருமுறை வந்தவர் மறுபடி வர வேண்டுமானால், நேற்று இல்லாத ஏதோ ஒன்று இன்று அங்கே இருக்க வேண்டும். டீக்கடைக்கும் அதுதான், வெப்சைட்டுக்கும் அதுதான். எனக்கு இதைச் சொன்னது முதலாளி சுவாமிநாதனின் மகள் பிரீத்தி. கேட்டபோது நியாயமாகப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது, இன்ஸ்பெக்டர் அய்யா.

என் பேர் சின்னான். சங்ககிரி பைபாஸில், கவிழ்ந்த லாரிகளைத் தூக்கும் கிரேனில் கொக்கி மாட்டுகிறவன். வண்டிக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்தே முதுகு வளைந்துவிட்டது. தலை நரைக்கும் வரை கைநாட்டுதான். எழுத்து கற்றுக்கொடுத்தவன் வெள்ளியங்கிரி. லாரி டிரைவர், என்னைவிட இளையவன். டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, போகிற லாரிகளின் நெற்றியில் இருக்கும் பேரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்வான். தப்பாகப் படித்தால் சிரிப்பான். "அண்ணா, அது சாமி பேருங்க. கண்ணக் குத்தீரப் போவுது."

பிரீத்தி பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது கம்பெனி வெப்சைட்டை என் கையில் கொடுத்தாள். கவிழ்ந்த இடத்துக்கு முதலில் ஓடுகிறவன் நான்தானே. போனில் படம் பிடித்து, கீழே நாலு வரி எழுதிப் போட வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதும் அதிலேயே தெரியும்.

கிரேன் வேண்டி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றதெல்லாம் டிரைவர்களின் வீட்டுப் பெண்கள். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் ஒருமுறை பார்ப்பார்கள். தங்கள் வண்டியின் பேர் அதில் இல்லையென்றால் நிம்மதியாக வேலையைத் தொடங்குவார்கள். அவர்கள் படித்தது என் எழுத்தை. ஆயுசு முழுக்க "ஏ, ஆளு" என்று கூப்பிடப்பட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

பிறகு ரோட்டைப் புதிதாகப் போட்டார்கள். மழையும் இல்லை. கடைசியாகக் கவிழ்ந்தது ஒரு நாமக்கல் முட்டை வண்டி. அதற்கப்புறம் எதுவும் கவிழவில்லை. பார்ப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். வெள்ளியங்கிரியே டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டான்.

"ஏனுங்கண்ணா, இன்னும் அதே முட்டை வண்டியவே காட்டிட்டிருக்கறீங்க? இன்னேரம் அதெல்லாம் குஞ்சு பொரிச்சு, அடுத்த முட்டையே வெச்சிருக்குமுங்க."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கோட்டை மலைக்குக் கீழே ரோடு வளைகிற இடத்தில் பழைய இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றினேன். கொஞ்சம்தான். லேசாகத் தூறல் போட்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி ஒன்று வழுக்கிச் சாய்ந்தது. டிரைவருக்குக் கை மட்டும் பிசகியது. சனங்கள் கிழங்கை அள்ளிக்கொண்டு போனார்கள், முதலாளிக்கு வேலை கிடைத்தது, என் வெப்சைட் பக்கத்தை விட்டுப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்தார்கள். யாருக்கும் பெரிய கெடுதல் இல்லையென்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

இரண்டாவது முறை ஊற்றியபோது வந்தது வெள்ளியங்கிரியின் வண்டி. அவன் ராய்ப்பூர் போயிருப்பதாகத்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் முன்னதாகத் திரும்பிவிட்டான். பின்னால் இருந்த இரும்புக் கம்பிகள் முன்னே வந்து கேபினை நசுக்கிவிட்டன. நான் போனபோது கிரேன் இன்னும் பின்னால் வந்துகொண்டிருந்தது. எங்கள் கடப்பாரை என் கையில்தான் இருந்தது.

படம் போட்டேன். அத்தனை பேர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் அவனைப் பற்றி நாலு வரி எழுதினேன். எனக்கு எழுத்து கற்றுக்கொடுத்ததை எழுதினேன். படித்து அழுததாக நிறையப் பேர் சொன்னார்கள்.

அதற்கப்புறம்தான் இது தொடங்கியது. விடியும் முன் போனைத் திறந்தால், ஒரே ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதாகக் காட்டும். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள். அந்த ஒரு ஆள் மட்டும் போகாது. வெள்ளியங்கிரி ஸ்டீயரிங்கில் உட்காரும் முன் என் பக்கத்தைப் பார்க்கிற நேரம் அது. நான் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். கவிழ்த்து வைத்தாலும் அந்த ஆள் அங்கேயே இருப்பது தெரியும்.

ஒருநாள் போன் வந்தது. அவன் மனைவி சௌந்திரம்.

"அண்ணா, தெனமும் அந்தப் படத்தத்தானுங்க பாத்துட்டிருக்கறேன். பெருசு பண்ணிப் பாத்தா அவரு கண்ணு தொறந்திருக்குதுங்க. வாயி என்னமோ சொல்ற மாதிரி இருக்குது. அப்ப உசுரு இருந்துச்சுங்களா?"

"இல்ல சாமி" என்றேன்.

"அப்பறம் யாரப் பாத்துப் பேசறாருங்க?"

நான் போனைக் கட் பண்ணிவிட்டேன். அவள் திரும்பக் கூப்பிட்டுத் திட்டவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால்தான், யாரும் தேடி வருவதற்கு முன்னால், நானாகவே இங்கே வந்தேன்.

அவன் என்னைப் பார்த்துத்தான் பேசினான். "அண்ணா, அந்தக் கடப்பாரையப் போட்டு நெம்பி உடுங்கண்ணா, மூச்சு முட்டுது" என்றான். "இரு சாமி, வண்டிப் பேரு தெரியற மாதிரி ஒன்னு எடுத்துக்கறேன்" என்றேன். பேரின் மேல் வெளிச்சம் விழவில்லை. மறுபக்கம் போய் எடுத்தேன். சரியாக வரவில்லை. இன்னொன்றும் எடுத்தேன். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்தால்தான் படம் ஆடாமல் வந்தது. அது வந்தபோது அவன் பேசுவதை நிறுத்தியிருந்தான், வாய் மட்டும் திறந்தபடி இருந்தது. ஆயில் ஊற்றியது நான்தான். நெம்பாமல் விட்டதும் நான்தான்.

அந்தப் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிறீர்கள். எடுத்துவிடலாம் அய்யா, எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாளைக்கு விடியும் முன் சௌந்திரம் வந்து பார்ப்பாள். பக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பெண்ணின் மனசு என்ன பாடுபடும்? நீங்கள் சரியென்றால், நான் இப்போது சொன்னதையே நாலு வரியாக எழுதி அந்த இடத்தில் போட்டுவிடுகிறேன். மற்றவர்களும் திரும்பி வந்து பார்ப்பார்கள்.